ஐந்தாவது நாற்காலி

"மனுஷ குலம் இன்னும் உருப்படாம இருக்கிறதுக்கு ஒரே காரணம்தான். கூட்டம் போடறது!"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இதை அறிவித்தான் புரோகிராமர். கேட்டுக்கொண்டிருந்தது மனைவி மட்டும்தான். தோரணை என்னவோ மைதானத்தில் லட்சம் பேர் திரண்டிருப்பது போல.

"இருக்கட்டும், முதல்ல காலரைத் தேய்ங்க. ஆறரைக்குப் படம்," என்றாள் அவள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு மாலை ஓய்வு கிடைத்துப் பல மாதம் ஆகிறது.

கோணல்மாணலாக ஸ்கேன் செய்த பக்கங்களை நிமிர்த்தித் தரும் மென்பொருள் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பல ஊர்களில் இருக்கும் நாற்பது பேர் சங்கமாகச் சேர்ந்து, கூலி வாங்காமல் அதைப் பராமரிக்கிறார்கள். அவனும் ஆறு மாதமாக அதில் ஒருவன். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஐந்து நாற்காலிகள், ஒன்று காலி. அதற்குத்தான் இன்று மாலை ஆன்லைனில் தேர்தல் கூட்டம்.

"எல்லாரும் வருவாங்களா?"

"வராம? நூத்துக்கு நூறு! போன வருஷம் ஒருத்தன் மாலையும் கழுத்துமா மணமேடையில இருந்தே வந்தானாம். பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கு, இவன் போனைப் பாத்து 'உள்ளேன் ஐயா'ங்கறான். இன்னொருத்தர் பல் டாக்டர்கிட்ட வாயைப் பிளந்துகிட்டே கையை ஆட்டினாராம். சம்பளம் இல்லாத நாற்காலி! அதுக்கே இந்தப் பறப்பு. வெக்கங்கெட்ட ஜனங்க."

போன் அடித்தது. சங்கத்தில் 'காற்புள்ளி' என்று பெயர் வாங்கிய பெரியவர். யார் எழுதிய வரியிலும் ஒரு காற்புள்ளி குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவர். இவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, கூட்டத்துக்கு வர்றீங்கதானே?"

"இல்லைங்க. வீட்டம்மாவோட சினிமாவுக்குப் போறேன்."

பெரியவர் குரலில் திடீரென்று ஒரு துள்ளல்.

"நிஜமாவா? நடுவுல அஞ்சு நிமிஷம்கூட எட்டிப் பார்க்க மாட்டீங்களே?"

"போனையே அணைச்சுடுவேன்."

"அடடா! நிம்மதியாப் பாருங்க தம்பி. இடைவேளையோட எந்திரிச்சுடாதீங்க, ரெண்டாம் பாதிதான் பிரமாதமாம். டிக்கெட் கிடைக்கலைன்னா சொல்லுங்க, நாங்க எல்லாரும் சேர்ந்து வாங்கித் தர்றோம்!"

இவன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தியா? போட்டிக்கு ஒரு ஆள் குறைஞ்சதுல என்ன ஆனந்தம்!"

படம் முடிந்து வெளியே வந்து போனை உயிர்ப்பித்தால், முப்பத்தொன்பது வாழ்த்துகள். அவனை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"நீங்க நிக்கவே இல்லையே?" என்றாள் மனைவி.

"தகுதி இருக்கிறவன் நிக்க வேண்டியதில்ல. பதவி தேடி வரும்."

வண்டியைக் கிளப்பும்போது அவன் முதுகு வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவன் எந்தப் படமும் பார்க்கவில்லை. மென்பொருளின் சின்னம் நீலமா, பச்சையா என்று நடந்த விவாதத்திலேயே பாதி வருஷம் போனது. கோபித்துக்கொண்டு விலகியவர்களைச் சமாதானம் செய்தான். சமாதானம் செய்த விதம் சரியில்லை என்று விலகியவர்களையும் சமாதானம் செய்தான். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன், போனுக்குள் சண்டை.

"இன்னொரு வருஷம் இந்தக் கூத்துன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். சும்மா சொல்லலை," என்றாள் மனைவி. சும்மா சொல்லவில்லைதான். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசியும் தட்டி வைத்துவிட்டாள்.

ஒரு வருஷப் பதவி முடிந்து, அதே நாற்காலிக்கு மறு தேர்தல் நாள் வந்தது. காலையிலிருந்தே அவனுக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பெண்டிக்ஸ், உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். பச்சை அங்கியை மாட்டி, சக்கரக் கட்டிலில் கிடத்தி, ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது கூட்டம் தொடங்குகிற நேரம். கையிலிருந்த போனில் காற்புள்ளியின் செய்தி: 'நல்லா ஓய்வெடுங்க தம்பி. கூட்டத்தைப் பத்திக் கவலையே வேணாம்.'

"போனைக் குடுங்க," என்றாள் மனைவி.

"ஒரே ஒரு தடவை மூஞ்சியைக் காட்டிட்டுத் தந்துடறேம்மா..."

"குடல் வெடிக்கப் போற நேரத்துல நாற்காலி ஆசையா? பித்து தலைக்கேறிடுச்சு உங்களுக்கு!"

"அது ஆசையில்ல. நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவன், படம் பார்த்த அன்று அடித்த பெருமையை நினைத்து மென்று விழுங்கினான்.

அவள் போனைப் பிடுங்கி, அணைத்து, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இப்ப எப்படித் தேர்ந்தெடுக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்!"

கதவு மூடிக்கொண்டது. உள்ளே, மயக்க மருந்து டாக்டர் ஊசியோடு குனிந்தார்.

"பயப்படாதீங்க. தூங்கி எந்திரிச்சா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"அதான் டாக்டர் பயமே!" அவன் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாசலுக்குக் கேட்காத குரலில் கெஞ்சினான். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. நான் வந்திருக்கேன்னு மட்டும் காட்டிக்கிறேன். எங்க சங்கத்துல அந்த நாற்காலிக்கு ஒருத்தனும் நிக்க மாட்டான்... அதனால கூட்டத்துக்கு எவன் வரலையோ, அவனைத்தான் ஏகமனதாத் தேர்ந்தெடுப்பாங்க!"