கத்தாத துப்பாக்கி

எங்கோலேக்கு முதலில் துரோகம் செய்தவர் ஹெட்மாஸ்டர் ஒமோடிங்தான். கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் எங்கோலே இதைச் சொல்லுவார்.

அன்றைக்கு மாமரத்தடியில் பெற்றோர் கூட்டம். கொரோனாவுக்காக இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் திறந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பதினோரு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அகிதெங் டீச்சரைப் புதைத்து நாலு நாள்.

"கேட்ல நின்னு காய்ச்சல் பாத்தது யாரு, நானா?" என்றார் ஒமோடிங், மாவட்ட அதிகாரியிடம். "வாட்ச்மேன் எங்கோலே. மூணாங்கிளாஸ் தாண்டாத மனுஷன். காய்ச்சல் பாக்குற துப்பாக்கியில வர்ற நம்பரைப் படிக்கத் தெரியல. அவரை நம்பினது என் தப்பு."

எங்கோலே எழுந்தார்.

"எனக்கு நம்பர் படிக்கத் தெரியும். அதுல நம்பர் வந்தாத்தானே படிக்க? மொத வாரமே பேட்டரி செத்துப்போச்சு. கேட்டதுக்கு, வரும்போது வரும், அதுவரைக்கும் சும்மா நெத்தியில காட்டு, ரோட்டுலேருந்து ஜனங்க பாக்குறாங்கன்னு சொன்னது இந்த ஹெட்மாஸ்டர்தான்."

கூட்டம் சலசலத்தது. அமோங்கினின் அம்மா முன்னால் வந்தாள். முதலில் படுத்த பிள்ளை அவளுடைய மகள்தான்.

"தினம் காலையில 'முப்பத்தாறரை, போ', 'முப்பத்தாறு, போ'ன்னு தெருவுக்கே கேக்கச் சொன்னீங்களே பெரியவரே. அதெல்லாம் எங்கேருந்து வந்த நம்பர்?"

அப்படிச் சொல்லச் சொன்னதும் ஒமோடிங்தான். ஆனால் சொன்ன வாய் எங்கோலேயுடையது.

"துப்பாக்கிக்கே கொரோனா வந்திருக்கும்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரித்தார்கள்.

"உன் மகளை நான் நிறுத்தினேன்மா. கழுத்துல புறங்கையை வச்சுப் பாத்தேன், அடுப்புக் கல்லு மாதிரி கொதிச்சுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னேன். இவர் ஓடி வந்தாரு. பிள்ளைங்களைத் தொடக்கூடாதுன்னு தெரியாதான்னு உன் முன்னாலயே என்னைக் கிழிச்சாரு. அப்புறம் துப்பாக்கியைப் பிடுங்கி நெத்தியில காட்டி, முப்பத்தாறு புள்ளி நாலு, உள்ள போன்னாரு. இல்லன்னு சொல்லு பாப்போம்."

"அவர் தலைநகரம் கம்பாலாவுல படிச்சவரு. நம்பர் சரியாத்தான் இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மகளை நிறுத்திய அந்த நாளில், அவள் தலை மறைந்த பிறகு ஒமோடிங் எங்கோலேயின் காதருகே சொன்னது வேறு. "ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்பினா ஒரு கேஸ்னு எழுதணும்யா. எழுதினா மறுபடியும் பூட்டிடுவாங்க."

அமோங்கின் உட்காருவது அகிதெங் டீச்சரின் மேஜைக்கு நேர் எதிர் பெஞ்சு. அந்த வாரம்தான் டீச்சர் இரண்டாவது தடுப்பூசி போட்டுக்கொள்ள அரைநாள் லீவு கேட்டிருந்தார். 'பரீட்சை முடியட்டும்' என்று ஒமோடிங்கிடமிருந்து பதில் வந்திருந்தது.

"பேச்சு எதுக்கு?" என்றார் எங்கோலே. "அந்தத் துப்பாக்கியைக் கொண்டாரச் சொல்லுங்க. இப்பவே தெரிஞ்சிடும்."

ஒமோடிங் தயங்கவே இல்லை. பையிலிருந்து எடுத்து அதிகாரியின் கையிலேயே கொடுத்தார். அதிகாரி எங்கோலேயின் நெற்றிக்கு நேரே பிடித்து அமுக்கினார்.

கீச்!

"முப்பத்தாறு புள்ளி இரண்டு," என்று படித்தார் அதிகாரி.

யாரோ காறித் துப்பினார்கள்.

"டீச்சரைச் சாகவிட்டுட்டு இப்போ பொய்யும் சொல்றியே பெரியவரே," என்றாள் ஒருத்தி. "உனக்கு நல்ல சாவு வராது."

"இன்னையோட உங்களுக்கு வேலை இல்ல. உடுப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார் அதிகாரி.

சாயங்காலம் காக்கிச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு எங்கோலே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே வீடு. ஒமோடிங்கின் மனைவி நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கூட்டத்துக்கு அவள் வந்திருக்கவில்லை.

"அங்கயே நில்லுங்க பெரியவரே. யாரா இருந்தாலும் பாத்துட்டுத்தான் உள்ள விடுவோம்."

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து அவர் நெற்றிக்கு நேரே பிடித்து அமுக்கினாள். கத்தவில்லை.

"அட, மறந்தே போச்சு!"

"கேட் துப்பாக்கிதானேம்மா இது?" என்றார் எங்கோலே.

"இல்லையே, இது வீட்டோடது. மாவட்டத்துலேருந்து ரெண்டு வந்துச்சே. பேட்டரி தீரத் தீர அவரே மாத்திடுவாரு. ஏழு வாரமா ஒரு நாள் தவறாம இந்த வாசல்ல கத்தினதாலதான் ஆண்டவர் கிருபையில எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் வரல. இன்னைக்குக் காலையிலதான் ஏதோ கூட்டத்துல காட்டணும்னு பேட்டரியக் கழட்டிட்டுப் போனாரு."

எங்கோலே காக்கிச் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பரவால்ல, கிட்ட வாங்க," என்று அவள் புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்ல. இதுவே போதும். நீங்க வருவீங்கன்னு அவர் சொன்னாரு, சட்டையக் குடுங்க."

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. ஆனால் யாரும் வெளியே வரவில்லை.

"தர்றேன்மா," என்றார் எங்கோலே, உள்ளே கேட்கும்படி. "இப்ப நீ சொன்னதை அந்த மாமரத்தடியில, அத்தனை பேர் முன்னால உன் வீட்டுக்காரர் சொல்லட்டும். அன்னைக்குத் தர்றேன்."

சட்டை இன்னும் எங்கோலேயிடம்தான் இருக்கிறது.