இருபத்திரண்டு டிகிரி

துப்புரவு அக்கா இன்று ஸ்வெட்டர் போட்டிருக்கவில்லை. ஆய்வகப் பொறுப்பாளரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"ஐஸ் பெட்டிக்குள்ள நின்னு தரை துடைக்கிறேன்னு தினமும் புலம்புவீங்களே, இன்னைக்கு என்ன?"

"இன்னைக்கு உள்ள நல்லா வெதுவெதுன்னு இருக்கே மேடம். எந்தப் புண்ணியவான் வேலையோ!"

பொறுப்பாளர் உள்ளே ஓடினார்.

இருபத்திரண்டு டிகிரியில் இருக்கவேண்டிய அறை முப்பத்து மூன்றில் இருந்தது. ஈரப்பதமும் எல்லையைத் தாண்டி, வராந்தாப் பக்கக் கண்ணாடியில் நீர் கோத்திருந்தது.

கரு வளர்க்கும் பெட்டிகள் நான்கு. இந்த வாரம் மூன்றாவதில் மட்டும்தான் கரு இருந்தது. அறையே சூடேறிவிட்டால் பெட்டி தன் சூட்டை எங்கே விடும்? முப்பத்தேழில் நிற்கவேண்டியது முப்பத்தொன்பதைக் காட்டியது.

நுண்ணோக்கியில் பார்த்தார். நேற்று கண்ணாடி மணிபோல் இருந்த கரு கறுத்துச் சுருங்கியிருந்தது.

அந்தக் கருவை வயிற்றில் வைப்பதற்காக மாடியில் ஒரு பெண்ணைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் அவளைப் பார்த்ததில்லை. கிண்ணத்தில் ஒட்டிய எண்ணாகத்தான் தெரியும். இதற்குமேல் அவள் உடம்பு தாங்காது, இதுதான் கடைசி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கூப்பிட்டதும் கீழ்த்தளத்திலிருந்து ஏசிக்காரர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நேராக மூன்றாவது பெட்டியின் முன் போய் நின்றார்.

"அங்க என்ன பாக்குறீங்க? ஏசியைப் பாருங்க! எதுக்கு இவ்வளவு குளிர்னு போன வாரம் கேட்டீங்க. இருபத்திரண்டுன்னா இருபத்திரண்டு, கேள்வி கேக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"ஏசியில கோளாறு இல்ல மேடம். இதுக்குள்ள... என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு."

காய்ச்சல் பார்ப்பதுபோல் அவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது சூடா இருக்கே மேடம்."

"பெட்டி எப்பவும் சூடாத்தான் இருக்கும். அம்மா வயிறு மாதிரி. வெளியிலதான் குளிரணும்."

அவர் கையை எடுக்கவில்லை.

பொறுப்பாளர் அக்காவிடம் திரும்பினார். "குளிருது குளிருதுன்னு நீங்கதானே எதையோ திருகி வச்சீங்க?"

"ஐயோ, அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே! என் பிள்ளைங்க மேல சத்தியம் மேடம்!"

"சத்தியம் வேற! மேல அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அவங்களைத் திட்டாதீங்க மேடம்," என்றார் ஏசிக்காரர். "இந்தக் குளிரை எம்புள்ள தாங்காதேன்னு நான்தான் குறைச்சு வச்சேன்."