நிறுத்தாமல் இருபது நிமிடம்

கணவன் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், பிக்கப் வண்டியின் விசிறி ஹோவென்று இரைய ஆரம்பித்தது.

நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமியது. அடியிலிருந்து கருகல் வாடை வந்தது.

“ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு! எதுவோ தீயுது!” என்று அவன் சாவியை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“தீயணும்ங்க! மூணு நாளா இதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்.”

பேருந்தே வராத நிறுத்தத்தில் அவன் வெயிலில் நிற்பதைப் பார்த்து ஏற்றிக்கொண்டவள், அவனை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை நெடுஞ்சாலைப் பக்கம் விரட்டினாள்.

செடி வளர்த்து விற்பது அவள் தொழில். நாற்றும் தொட்டியுமாக ஏற்றிக்கொண்டு ஊருக்குள் தெருத்தெருவாகப் போவாள். பத்து நிமிட ஓட்டம், ஒரு வீட்டு வாசலில் நிறுத்தம், மறுபடி பத்து நிமிடம். வண்டிக்கு வினையே அதில்தான் வந்தது.

டீசல் புகையில் இருக்கும் கரியைப் பிடித்துவைக்க வண்டிக்கு அடியில் ஒரு வடிகட்டி உண்டு. அது நிரம்பிவிட்டால் வண்டி தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலவழித்து, அறுநூறு டிகிரிக்குச் சூடேற்றி, சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். ஆனால் அதற்கு இருபது நிமிடமாவது நிற்காமல் வேகமாக ஓட வேண்டும்.

அவளோ இந்த இரைச்சலும் வாடையும் வந்தபோதெல்லாம் பதறிப்போய் எஞ்சினை அணைத்துவிட்டிருக்கிறாள். குளிக்கப் போனவனை ஒவ்வொரு தடவையும் சோப்பு நுரையோடு வெளியே இழுத்துவிட்ட மாதிரி.

மூன்று பட்டறைக்காரர்கள் பார்த்தார்கள். மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கி, வடிகட்டியையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் அவளே வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தில் விஷயம் பிடிபட்டபோது, நாற்றுகளுக்கு நடுவே தனியாக நின்று கைதட்டிக்கொண்டாள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, கரியின் அளவு போனில் தெரியும்படி செய்திருந்தாள். அந்தப் போனை இப்போது கணவன் கையில் திணித்தாள்.

தொண்ணூற்று நான்கு சதவீதம். நூறைத் தொட்டுவிட்டால் வண்டி தவழத்தான் செய்யும். அப்புறம் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

“எண்ணைச் சொல்லிக்கிட்டே வாங்க.”

மணிக்கு எழுபது கிலோமீட்டரில் ஓட்டினாள். எழுபத்தைந்து. எண்பது.

“தொண்ணூத்தி அஞ்சு,” என்றான் அவன்.

ஏறுகிறதே! படித்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ? பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

“தொண்ணூறு.” குரலில் நம்பிக்கை இல்லை.

“எண்பத்தாறு!” வந்துவிட்டது.

கரி எழுபதுக்கு இறங்கியபோது அவன் சீட்டின் நுனிக்கு வந்திருந்தான். ஐம்பதில் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தான். தேய்த்துப் போட்டிருந்த சட்டைக் காலர் படபடவென்று கன்னத்தில் அடித்தது. துளிப் புகை இல்லை என்று காற்றை மீறிக் கத்தினான்.

அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு ஜல்லி லாரி ஆடி அசைந்து போனது. வேகம் நாற்பதுக்கு விழுந்தது. எண் அப்படியே நின்றது.

“பக்கத்துல காலி! போ, போ, போ!”

அவள் போனாள். லாரிக்காரர் ஹாரனை அலறவிட்டார். பதிலுக்கு இவர்கள் இருவரும் அலறினார்கள், கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆனதையே மறந்து.

திரும்ப வேண்டிய பிரிவு வந்தது. அவள் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“முப்பத்திரண்டு,” என்றான்.

பிரிவு பின்னால் போனது.

பதினெட்டு. பத்து. ஆறு. நான்கு.

விசிறி அடங்கியது. அவள் ஓரத்துக் காய்ந்த புல்லைத் தவிர்த்து, வெறும் தார்த்தரையாகப் பார்த்து நிறுத்தினாள். எஞ்சின் தூங்குகிற குழந்தையைப் போல மூச்சுவிட்டது. இருவரும் இறங்கிப் பின்பக்கம் போய்க் குனிந்து புகைக்குழாயைப் பார்த்தார்கள். அனல் முகத்தில் அடித்தது. நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. அவன் கையில் இருந்ததால் அவனே ஸ்பீக்கரில் போட்டான்.

“எங்கம்மா இருக்கீங்க?” அவளுடைய வக்கீலின் உதவியாளர்ப் பெண். “குடும்பக் கோர்ட்ல உங்க விவாகரத்து கேஸைக் கூப்பிட்டாச்சு. நீங்களும் இல்ல, அவரும் இல்ல. அவர் வக்கீலும் அவரைத் தேடிட்டிருக்காரு.”

“நான் வண்டியிலதான் இருக்கேன்,” என்று அவன் சொல்லிவிட்டான்.

மறுமுனையில் அந்தப் பெண்ணின் குரல் எகிறியது.

“ஒரே வண்டியிலயா?”

அவள் போனை வாங்கி, வேறு தேதி கேட்கச் சொல்லிவிட்டு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் விட்ட கோர்ட் பிரிவுக்குத் திரும்பிப் போவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். திரையையே பார்த்தபடி, “இன்னும் நாலு சதவீதம் இருக்கே,” என்றான்.

அந்த நாலு எப்போதும் இருக்கும், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் போகாது என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருந்தது.

அவள் அதைச் சொல்லாமல் வண்டியை நேராக விட்டாள்.