ஊசி இன்னும் வரவில்லை

"முழுசா வாங்குறதெல்லாம் பணக்காரங்க பண்ற வேல," என்றாள் மார்லிஸ். கடைக்காரன் டுவேன் எடுத்து வைத்த ரைஃபிளை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பாகம் பாகமா வாங்கி நாமளே கோத்துக்கிட்டா பாதி வெலைல முடிஞ்சிரும்."

டுவேன் சிரித்தான். "அதெல்லாம் அந்தக் காலம். இப்ப கோத்தாலும் கிட்டத்தட்ட இதே வெலதான் வரும், கருவி வாங்குற செலவு வேற. இதுன்னா இப்பவே வண்டில போட்டுட்டுப் போயிரலாம். கோக்குறதுன்னா ஒவ்வொண்ணா தபால்ல வரணும், மாசக்கணக்குல இழுக்கும்."

"இழுக்கட்டுமே. என்ன அவசரம்?"

"மான் சீசன் நெருங்குதே, அதான் அவசரம்." டுவேன் அவள் கணவன் பக்கம் திரும்பினான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். "டேய் ஓரின், உன் பொண்டாட்டி இவ்ளோ கஞ்சம்னு எனக்குத் தெரியாதுடா. நீ ஏதாவது சொல்லேன்."

ஓரின் ரைஃபிளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான். "அவ சொல்றபடியே செஞ்சுருவோம்," என்றான்.

ரைஃபிளின் அடிப்பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வண்டி நகர்ந்த பிறகுதான் மார்லிஸுக்கு மூச்சே வந்தது. கஞ்சம் என்று ஊரே சொன்னாலும் அவளுக்குக் கவலையில்லை.

போன டிசம்பரில் பால் விலை படுத்துப்போய் மாடுகளை ஏலம் விட்டார்கள். அன்று சாயங்காலம் காலித் தொழுவத்தில், மடியில் துப்பாக்கியோடு ஓரின் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். மான் சீசன் எப்போதோ முடிந்திருந்தது.

மறுநாளே வீட்டிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் விற்றுவிட்டாள். கூரை ஒழுகுகிறது, செலவு இருக்கிறது என்று சாக்குச் சொன்னாள். இப்போது மறுபடியும் ஒன்று வேண்டும் என்கிறான். விஸ்கான்சினில் நவம்பர் மாதம் மான் சுடக் கிளம்புகிறவனை எந்தப் பெண்டாட்டி தடுப்பாள்? தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஓரின் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் போட்டுப் பொருத்தினான். மாடுகள் போனதிலிருந்து சும்மா கிடந்த கைகள் அவை. அவன் வாயில் பழைய சீட்டிகூடத் திரும்பி வந்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் தோட்டாவைத் தட்டிவிடும் ஊசி வந்தது. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புத் தடிதான். தபால் பெட்டியை முதலில் திறந்தவள் மார்லிஸ். ஊசியை மாவு டப்பாவின் அடியில் புதைத்தாள்.

"எல்லாம் வந்துருச்சு, ஊசிய மட்டும் காணோமே," என்றான் ஓரின்.

"அனுப்ப மறந்திருப்பானுங்க. இன்னொண்ணுக்குச் சொல்லு."

"சொல்லிர்றேன்."

அடுத்து வந்ததும் டப்பாவுக்குத்தான் போனது. ஒரு திருகாணி குறைந்தால்கூட டிராக்டர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கிழிக்கிற மனுஷன், இந்தத் தடவை யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டால், "வரும்போது வரட்டும்" என்றான். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நவம்பர் கடைசியில் காட்டில் வெடிச் சத்தம் கேட்டது. டுவேன் ஒரு பொட்டலம் மான்கறி கொண்டுவந்து கொடுத்து, "கஞ்சத்தனம் பண்ணா இரவல் கறிதான்" என்று கிண்டலடித்துவிட்டுப் போனான். ஓரின்கூடச் சிரித்தான்.

டிசம்பரில், மாடுகளை ஏலம் விட்ட நாள் திரும்பி வந்தது. அன்று காலை ஓரின் காப்பியைத் தொடவில்லை. அவன் சட்டைக் கையில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. தொழுவத்துச் சுவரின் சுண்ணாம்பு, மறுபடியும் அங்கே போய் உட்கார ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்து அவள் கலங்கினாள். ஊசி தன்னிடம்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் ரொட்டிக்கு மாவு பிசையலாமென்று டப்பாவைத் திறந்தாள். வழக்கம்போல அடிவரை கைவிட்டுத் தடவினாள். விரலில் மாவுதான் தட்டுப்பட்டது. டப்பாவை அப்படியே அடுப்படி மேடையில் கவிழ்த்தாள். இரண்டு ஊசிகளும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் துணி மட்டும் கிடந்தது, ரைஃபிளைக் காணோம்.

செருப்புகூடப் போடாமல் பனியில் ஓடினாள். தொழுவத்துக் கதவைத் தள்ளினாள். போன வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில், மடியில் ரைஃபிளோடு ஓரின் உட்கார்ந்திருந்தான்.

"ஓரின்," என்றாள்.

அவன் இறுக மூடியிருந்த கையை நீட்டினான். அவள் உள்ளங்கையில் இரண்டு ஊசிகளையும் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கி மூடினான்.

"மொதல் ஊசிய நீ ஒளிச்சப்பவே எனக்குத் தெரியும் மார்லிஸ். இவ்ளோ நாள் அந்த டப்பா பக்கமே போகாம இருந்தேன், இன்னிக்கு முடியல."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"வேற எடத்துல ஒளிச்சு வை. எங்கன்னு எங்கிட்ட சொல்லாத."