ஒரே அளவுத் தடிகள்

தண்ணீர்க் குடத்தோடு படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடுப்படி ஓரமாக ஏழு தடிகள். எல்லாம் ஒரே அளவு, நல்ல நேர். ஒவ்வொன்றின் முனையிலும் சிவப்புப் பூச்சு.

கோழிக்கூட்டுக்குத் தடி வேண்டுமென்று ஒரு கிழமையாகப் புருஷன் அவளை அரித்துக்கொண்டிருந்தான். அவளும் நாளைக்கு, நாளைக்கு என்று சாட்டுச் சொல்லி வந்தாள். போரின் கடைசிச் சண்டையில் இரண்டு கண்ணோடும் சேர்த்துப் பொறுமையையும் தொலைத்த மனிதன்.

கண்ணிவெடி எடுப்பவர்கள் போன மாதம்தான் வேலிக்குப் பின்னால் அந்தத் தடிகளை நட்டார்கள். சிவப்புக்கு அங்காலே கால் வைக்கக்கூடாது என்றார்கள்.

அவனிடம் அவள் சொல்லவில்லை. பயந்துபோவான் என்று நினைத்தாள்.

ஏணைக்குள் பிள்ளை நித்திரை.

அவனைக் காணவில்லை.

குடத்தை எங்கே வைத்தாளோ தெரியாது. ஓடினாள்.

தடி பிடுங்கிய குழிகள் வரிசையாகப் போயின. வரிசை வளைந்த இடத்தில் அவன் வளையவில்லை. அடுத்த தடியைத் தேடி நேரே உள்ளே போயிருக்கிறான்.

இருபது காலடி தூரத்தில் குந்தியிருந்தான். கையால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தான்.

கூப்பிட வாயெடுத்தவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கூப்பிட்டால் வருவான். அவள் குரல் வந்த திக்குக்கு, ஒருவர் கையும் பிடிக்காமல், நேர்கோடு போட்டது போல் வந்துவிடுவான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

இரவு தூறியதில் மணல் இறுகிக் கிடந்தது. அவனுடைய காலடிகள் அச்சாகப் பதிந்திருந்தன.

செருப்பைக் கழற்றினாள். முதல் அடிக்குள் தன் காலை வைத்தாள்.

பிள்ளை எழும்பினால் யாரைத் தேடும்?

இரண்டாவது அடி.

மூன்றாவது.

அவன் தோளை இறுக்கிப் பிடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். அவள் கையென்று தெரிந்ததும் அவன் சிரித்தான். இன்னும் இரண்டு தடி கிடைத்தால் கூடு முடிந்துவிடும் என்றான்.

அவள் நின்ற அடியிலேயே திரும்பிக் குந்தி, முதுகைக் கொடுத்தாள்.

"ஏறுங்கோ. ஒண்டும் கேளாதேங்கோ."

சனம் பார்த்தால் சிரிக்கும் என்று முதலில் மறுத்தான். அவள் கையை விடவில்லை. பிறகு ஏறினான்.

எலும்பும் தோலுமான ஆள்தான். ஆனாலும் ஆண்பிள்ளை. அவள் கால்கள் வந்ததைவிட ஆழமாகப் புதைந்தன.

ஒன்று.

இரண்டு.

அவள் முதுகின் நடுக்கம் அவன் நெஞ்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

"இஞ்சேரும்," என்றான் மெல்ல. "மிதிவெடிக்குள்ளயோ நிக்கிறம்?"

அவள் அடுத்த அடி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பதினைந்து அடியாவது இருக்கும்.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

பாரம் குறையும் என்று நினைத்தானாக்கும்.