பெப்ரவரி முதலாம் திகதி

வெளிநாட்டு வேலை முகவர் வில்பிரட் கடிதத்தை யுகேஷின் பக்கம் திருப்பிவைத்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

“ஒரு சைன்தான் தம்பி. வெள்ளிக்கிழமை பொடி கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு வந்துரும். சைன் இல்லாட்டி எப்ப வரும்னு எனக்குத் தெரியாது.”

பொடி என்றது அவன் மனைவி பிரேமிளாவின் உடலை. ஒன்பது நாளாக மொரீசியஸில் ஒரு குளிரறையில் கிடக்கிறாள்.

யுகேஷ் வாசித்தான். பெப்ரவரி முதலாம் திகதி பொது விடுமுறை. ஆடைத் தொழிற்சாலை மூடியிருந்தது. இறந்தவர் விடுதிப் படியில் தவறி விழுந்தார். கணவர் இதை ஏற்றுக்கொள்கிறார்.

“பொய். அவ வேலையிலதான் செத்தா.”

வில்பிரட் சிரித்தார்.

“அன்னைக்கு அங்க என்ன நாள்னு தெரியுமா? அடிமைங்கள விடுதலை செஞ்ச நாள். நாடு முழுக்க லீவு. அடிமைக்கே லீவு குடுத்தவன், ஒங்க மிஸிஸ மட்டும் மிஷின்ல குந்த வச்சானாக்கும்?”

மேசையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. கை அசையவில்லை. இந்த ஒன்பது நாளில் அவனுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் வேறு யாருடையதோ போல.

கீழே வீதியில் கெலிஓயா பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கெம்பஸ்லாம் போய்ப் படிச்சவரு. அத்தாட்சி இருந்தா வைங்க பாப்போம். இல்லாட்டி பேசாம சைன வச்சிட்டு, மஹய்யாவையில ஒங்க வீட்டுக்குப் போய்ப் பந்தலப் போடுங்க.”

அத்தாட்சி இருந்தது. சாவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவள் அனுப்பிய குரல்பதிவு.

அதை அவன் யாருக்கும் போட்டுக்காட்டவில்லை. அவளுடைய அம்மாவுக்குக்கூட.

போனை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தான். சத்தத்தைக் கூட்டினான்.

அந்தக் கடைசிப் பதிவு மட்டுமே போதும். அவன் விரல் அதற்கு முந்தையதை அழுத்தியது.

அறைக்குள் யுகேஷின் குரல் ஒலித்தது.

“தலவலின்னு லீவு நாளெல்லாம் படுத்தே கிடப்பியா? சூப்பர்வைசர் கூப்பிட்டா போ பிரேமி. பதிலுக்கு ஒரு நாள் லீவு தருவான்ல, சித்திரை வருசத்துக்கு ஒரு நாள் முந்தியே வந்துறலாம்.”

பிறகு, தையல் மிஷின்களின் இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள்.

“வந்துட்டேங்க. போதுமா?”