மூன்றாவது புகார்

மரப்பாலத்தில் போல்ட் கழன்றிருப்பதாக டோரின் புகார் செய்தது இது மூன்றாவது முறை. பூங்கா ஊழியன் லாயிட் போல்ட்டை முடுக்கிவிட்டு, வழியை மறித்துக் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை அவிழ்த்தான்.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்றார் டோரின்.

“சின்ன வேலைதானேம்மா. எவனோ வேணும்னே கழட்டுறான்.”

“நல்லா பாருப்பா. பலகை ஆடுது.”

“கரடியே நடந்தாலும் தாங்கும்!”

டோரினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாலத்துக்குப் போகும் பாதையை ஒட்டியிருந்த தன் வீட்டுப் பின்கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கதவு திறந்தது. கணவர் வெர்ன், வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்தார்.

“வழி விடுங்க. மில்லுக்கு நேரமாச்சு.”

லாயிட் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே மில்லை மூடிவிட்டார்கள்.

“நான்தாம்பா கழட்டினேன்,” என்றார் டோரின் தணிந்த குரலில். “போன மாசம் இந்தப் பாலத்தைத் தாண்டிப் போயி, ஆத்தங்கரையில குளிர்ல விறைச்சுக் கிடந்தவரைத் தேடிக் கண்டுபிடிச்சோம். இவருக்கு என் பேரே மறந்துபோச்சு. ஆனா மில்லுல சேஃப்டி ஆபீசரா இருந்தவரு. நாடா கட்டியிருந்தா மட்டும் தாண்ட மாட்டாரு.”

லாயிட் பாலத்தில் அவர்கள் வீட்டுப் பக்க நுழைவின் குறுக்கே மறுபடி நாடாவைக் கட்டினான்.

“இன்னும் வேலை முடியலை சார்.”

வெர்ன் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

“இறுக்கிக் கட்டு தம்பி. புத்தி கெட்டவன் எவனாவது தாண்டிப் போயிடப் போறான்.”